15 வெள்ளிக்காசும் கொஞ்சம் வாற்கோதுமையும்

தம்பி,

அப்பா எழுதுறேன். போன்ல பேசலாம்னா வார்த்தை வர மாட்டேங்குது, அதான் வாட்ஸ்அப்ல டைப் பண்றேன், பெருசா போனா பொறுத்துக்கோ.

பைபிள்ல பழைய ஏற்பாட்டுல கர்த்தர் ஏன் எப்பவும் கோவமாவே இருக்காருன்னு அம்மாகிட்ட கேட்டியாமே. அம்மாவுக்கு சொல்லத் தெரியல, எனக்கும்தான். அப்புறம் அதுல ஓசியா தீர்க்கதரிசியோட புஸ்தகத்த எடுத்து வெச்சு மூணு ராத்திரி படிச்சேன், 14 அதிகாரம்தான் மொத்தமே.

இரண்டாம் யெரொபெயாம் வட இஸ்ரவேல ஆண்ட காலத்துல ஊழியத்துக்கு வந்தவரு ஓசியா. ஜனங்க விளைச்சலுக்கு பாகால்ங்கிற அந்நிய தெய்வத்துகிட்ட ஓடுறாங்க, இவரு பொண்டாட்டி கோமேரும் துரோகம் பண்றா, வீடும் நாடும் ஒரே கதை. 2ஆம் அதிகாரத்துல மனைவின்னு சொல்றது ஜனத்ததான், அப்பமும் தண்ணியும் எண்ணெயும் என் நேசர்தான் தர்றாங்கன்னு அவ சொல்லிட்டு திரியிறா, குடுத்தது யாருன்னே தெரியல அவளுக்கு. அப்பதான் உன் வழிய முள்ளால அடைப்பேன்னு கர்த்தர் சொல்றாரு. சின்ன வயசுலருந்து இத அடின்னே படிச்சிட்டேன் தம்பி. முள்வேலி எதுக்கு போடுவாங்க, அந்தப் பக்கம் போய் விழுந்துறக் கூடாதுன்னுதானே. கொஞ்சம் தள்ளி, வனாந்தரத்துக்கு கூட்டிட்டுப் போய் அவளோட பட்சமா பேசுவேன்னும் வருது. கண்டிக்கிறவரு பேச்ச நிறுத்தவே இல்ல.

அடுத்த அதிகாரத்துல ஓசியா போய் தன் பொண்டாட்டிய விலை குடுத்து மீட்டுட்டு வர்றாரு, 15 வெள்ளிக்காசு, கூட ஒன்றரைக்கலம் வாற்கோதுமை. பைபிள்லயே யாத்திராகம புஸ்தகத்துல, மாடு முட்டி செத்த அடிமைக்கே 30 சேக்கல் (அந்தக் கால எடை) வெள்ளி கணக்கு. கையில காசு பத்தாம மீதிய தானியமா குடுத்திருப்பாருன்னு எனக்கு தோணுது. சொந்த பொண்டாட்டிக்காக இன்னொருத்தன் முன்னாடி வாற்கோதுமைய அளந்துட்டு நிக்கிற அந்த மனுஷன நெனச்சு எனக்கு தூக்கமே வரல.

எப்பிராயீமை, அதாவது அந்த வட இஸ்ரவேல் ஜனத்த, கைபிடிச்சு நடக்கப் பழக்கினேன்னு 11ஆம் அதிகாரத்துல கர்த்தர் சொல்றாரு. நம்ம திண்ணையில நீ என் சுண்டுவிரல பிடிச்சுதான் நடப்ப, விட்டா பொத்துன்னு உக்காந்துருவ. தண்டனை வராம இல்ல, கி.மு. 722 வாக்குல அவங்க தலைநகர் சமாரியா அசீரியா ராஜ்யத்துகிட்ட விழுந்துச்சு. ஆனா அதே 11லதான் "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்"னும் இருக்கு, கடைசி அதிகாரத்துல அவங்க சீர்கேட்ட குணமாக்குவேன், மனப்பூர்வமா சிநேகிப்பேன்னு சொல்றாரு.

நீ எங்களுக்குத் தெரியாம அந்தக் கடன வாங்குனதுக்கு ரெண்டு வருஷம் உன்கிட்ட பேசாம இருந்தேன். கர்த்தரும் கண்டிக்கிறாருல்லன்னு அம்மாகிட்ட வசனம் வேற சொன்னேன். அது வெறும் வீம்பு தம்பி. நீ செஞ்சது தப்புதான், இப்பவும் சொல்வேன். பேசாம இருந்தது என் தப்பு, என்னை மன்னிச்சிரு.

கடன்ல இன்னும் எவ்வளவு பாக்கின்னு எழுது. பென்ஷன்ல கொஞ்சம் சேத்து வெச்சிருக்கேன், பத்தலன்னா அம்மா ஏதோ சீட்டு எடுக்கலாம்ங்கிறா. ஞாயித்துக்கிழமை கோயில் விட்டு வந்ததும் நானே கூப்பிடுறேன், எடு.

அப்பா