மொட்டை மாடிச் சாவியைக் கொடுங்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களை நடத்தும் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் 24 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். எங்களுக்கு மேலே வீடு கிடையாது, மொட்டை மாடிதான். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது, அதில் எப்போதும் ஒரு பூட்டு தொங்குகிறது. என் சமையலறையில் நின்றால் தலைக்கு மேல் பத்தடியில் இருக்கிற இடம் அது. கடைசியாக அங்கே போய் நின்றது எப்போது என்று கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் சங்கத்தை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. தாம்பரத்தில் என் தங்கை வீட்டிலும் இதே பூட்டுதான், அண்ணா நகரில் தோழி வீட்டிலும் இதே பூட்டுதான். தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவரும் டிஷ் ஆண்டெனா திருப்ப வருகிறவரும் கேட்டால் கதவு திறக்கிறது. அங்கேயே குடியிருக்கிறவர்கள் கேட்டால், "எதுக்கும்மா?" என்ற கேள்வி வருகிறது. அந்த "எதுக்கு"க்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

போன பங்குனியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமியாருக்கு 78 வயது, கும்பகோணம் பக்கம். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமா போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். எதையும் கேட்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள், "இந்த வருஷம் கூழ் வடாம் போடலாமா?" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பச்சரிசி மாவு அரைத்து வந்தோம், ஜவ்வரிசி ஊறவைத்தோம், பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்து வைத்தோம். முதல் நாள் மாலையே வாட்ச்மேனிடம் சாவி கேட்டேன். "செகரட்டரி சார்கிட்ட சொல்லிடறேம்மா" என்றார்.

காலை நாலரைக்கு அடுப்பு மூட்டினோம். கூழ் கிண்டுவது லேசான வேலை இல்லை. கரண்டி கனக்கும், அடி பிடிக்கும், கொதிக்கும் கூழ் கையில் தெறிக்கும். அத்தை விரல்களைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டாமல் வந்ததும், "வெந்துடுத்து, இறக்கு" என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து, பெருங்காயம் கரைத்து ஊற்றி, ஆறரைக்கு எல்லாம் தயார். சாவி வரவில்லை. செயலாளர் முதல் நாள் இரவே ஊருக்குப் போய்விட்டார், சாவி அவர் வீட்டுக்குள் இருந்தது.

கூழ் ஆற ஆற இறுகும், காத்திருக்க முடியாது. பால்கனியில் நாலடிக்கு இரண்டடி இடத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துப் பிழிந்தோம். அந்தப் பால்கனியில் ஒன்பது மணிக்குமேல் வெயில் நிற்காது. இரண்டாம் நாள் வடாம் நமத்தது, மூன்றாம் நாள் புளித்த வாடை வந்தது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடாம் போடுவதற்கென்றே எடுத்து வைத்திருந்த மாமாவின் பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து, மறுபடியும் பீரோவில் வைத்தார்.

வடாம் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறதே என்று சொல்வீர்கள். கிடைக்கிறது, நானும் வாங்குகிறேன். ஆனால் மொட்டை மாடியில் வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, காக்காய்க்குப் பயம் காட்டக் கறுப்புக் குடையைப் பக்கத்தில் கவிழ்த்து, பிள்ளைகளைக் காவலுக்கு உட்கார வைப்பது எந்த பாக்கெட்டில் வரும்? காவலுக்கு இருக்கிற பிள்ளைகளே பாதி காய்ந்த வடாமைத் திருடித் தின்னும். மேலே மொறுமொறு, உள்ளே கொழகொழ, அந்த ருசி பொரித்த வடாமில் கூட இல்லை. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் ஒவ்வொன்றாக உரிந்து வரும். அதற்கு நாலு பெண்கள் சேர்ந்து உட்காருவார்கள். யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு முட்டி வலி, எந்தக் கடையில் மிளகாய் மலிவு என்றெல்லாம் அப்போதுதான் தெரியவரும். எங்கள் குடியிருப்பில் எதிர் வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரிவதற்கே இரண்டு வருஷம் ஆனது.

வீட்டில் நிம்மதி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். நிம்மதி உட்காருவதற்கும் ஓர் இடம் வேண்டுமே. பழைய வீடுகளில் திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது, கொல்லைப்புறத்தில் ஒரு துவைக்கிற கல் இருந்தது. மனசு சரியில்லை என்றால் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். அடுக்குமாடிக்கு வந்தபோது அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம். அது தெரிந்தேதான், யார் மேலும் குறையில்லை. மிச்சம் இருந்தது மொட்டை மாடி ஒன்றுதான். வானம் பார்க்க, துணி உலர்த்த, சண்டை போட்ட கோபம் ஆறும்வரை தனியாக நடக்க, நிலா நாளில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து சாதத்தை உருட்டி உருட்டிக் கையில் போட எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

நீங்கள் பூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் சொல்வது ஒழுகல். ஆட்கள் நடமாடினால் மாடித் தரையில் பதித்த ஓடுகள் விட்டுப்போகும், கீழே ஒழுகும் என்கிறீர்கள். நான் கடைசி மாடிக்காரி, ஒழுகினால் என் கூரைதான் முதலில் நனையும். அதனால் இதைக் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த ஊரின் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஒரு கூரை உண்டு. தேக்கு மரச் சட்டங்களுக்கு மேல் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்பு பூசி அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அந்த மாடிகளில் தலைமுறை தலைமுறையாக மிளகாய் காயவைத்தார்கள், பாய் விரித்துப் படுத்தார்கள். மனிதக் கால் பட்டு ஒழுகுவதாக இருந்தால் அவை எப்போதோ ஒழுகியிருக்க வேண்டும்.

நம் கான்கிரீட் மாடி ஒழுகுவதற்குக் காரணம் வேறு. கோடை வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி, ஓடுகளுக்கு நடுவே இருக்கும் பூச்சு விட்டுப்போகிறது. ஆண்டெனாவும் ஏசி யூனிட்டும் பொருத்தத் துளை போடுகிறார்கள், அதை யாரும் சரியாக அடைப்பதில்லை. எல்லாவற்றையும்விட, மழைநீர்க் குழாயின் வாயில் சருகும் குப்பையும் அடைத்துக்கொள்கின்றன. இரண்டு வருஷம் முன்பு ஐப்பசி மழையில் எங்கள் ஹாலில் தண்ணீர் சொட்டியது. மேலே போய்ப் பார்த்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, குழாய் வாயை ஒரு பிளாஸ்டிக் கவர் மூடியிருக்கிறது. அதைக் கையால் எடுத்ததும் கடகடவென்று இறங்கிவிட்டது. தினமும் நாலு பேர் மேலே போய்வரும் மாடியாக இருந்தால், அந்தக் கவர் அத்தனை நாள் அங்கே கிடந்திருக்குமா? பூட்டி வைத்ததால்தான் என் ஹால் ஒழுகியது என்றே நான் நம்புகிறேன்.

அடுத்தது, பையன்கள் போய்க் குடிக்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள் என்பது. ஆள் இல்லாத இடத்தைத் தேடித்தான் அவர்கள் போகிறார்கள். பாட்டிகள் நடக்கிற, பிள்ளைகள் ஓடுகிற மாடியில் யார் பாட்டிலைத் திறப்பார்கள்?

விழுந்துவிடுவார்கள் என்ற பயம் மட்டும் எனக்கும் உண்டு. சின்னக் குழந்தைகள் இருக்கிற இடம், மனம் உடைந்துபோனவர்களும் இருக்கிற காலம். அதற்குக் கைப்பிடிச் சுவரை உயர்த்தலாம், மேலே கிரில் போடலாம், இரவு பத்து மணிக்குமேல் பூட்டலாம். செலவாகும்தான். அந்தச் செலவில் என் பங்கை முதல் ஆளாகக் கொடுக்கிறேன். பெயிண்ட் அடிக்க வசூலித்தபோது யாரும் மறுக்கவில்லையே.

பூட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நாம் பேசுவதே இல்லை. மீட்டர் பெட்டி எல்லாம் கீழ்த்தளத்தில், பெரும்பாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலே வரும். கீழே இறங்க முடியாதவர்கள் மேலேதான் ஓடுவார்கள். 2010 மார்ச்சில் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ஸ்டீபன் கோர்ட் என்ற பழைய கட்டடம் எரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பிக்க மேலே ஏறியவர்கள் பலர், மாடிக் கதவு பூட்டியிருந்ததால் படியிலேயே உயிரை விட்டார்கள். எங்கள் வாட்ச்மேனின் அறை கீழே வாசலில் இருக்கிறது. அந்த நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு யார் மூன்று மாடி ஏறி வருவது?

உரிமை என்று பேசினால் சண்டையாகிவிடும் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுப் பகுதி எது எது என்று சொல்லும் இடத்தில் படிக்கட்டு, லிஃப்ட் ஆகியவற்றோடு மொட்டை மாடியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்ய 24 வீடும் பணம் கொடுக்கிறோம், கீழ்த்தளத்துக்காரர் உட்பட. பணம் கட்டுகிற எல்லோருக்கும் அங்கே நிற்கவும் இடம் வேண்டும்.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று ஊர் முழுக்க மொட்டை மாடியில் நிற்கும். மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். நாங்கள் அதே நாளில் படிக்கட்டு ஓரத்தில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அகல் வைக்கிறோம்.

கடைசியாக ஒன்று. எங்கள் மாடிக் கதவு ஒரே ஒரு முறை தொடர்ந்து திறந்திருந்தது. 2020-இல், ஊரடங்கின்போது. வெளியே போக முடியாது, எல்லோருக்கும் மூச்சு முட்டுகிறது என்று அப்போதைய செயலாளரே பூட்டைக் கழற்றிவிட்டார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். காலையில் பெரியவர்கள் நடந்தார்கள், சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் யாராவது ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தரையில் தெளிப்பார்கள். சூடு அடங்கும்போது தரையிலிருந்து ஒரு மணம் வருமே, அதை மூச்சிழுத்தபடி அவரவர் பாயில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்போம். அந்த நோய்க்காலத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

ஏப்ரல் 3-ஆம் தேதி சாயங்காலம், இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பைனாகுலரோடு மேலே வந்தார். மேற்கே வெள்ளி பளபளவென்று நின்றது. "அது சும்மா நிக்கலை, இன்னிக்குக் கார்த்திகைக் கூட்டத்துக்குள்ளேயே வந்து நிக்குது, பாருங்க" என்றார். வெறும் கண்ணுக்கு வெள்ளியின் வெளிச்சம்தான் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் அதைச் சுற்றி ஊசி முனை போலப் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட அதே ஆறு பேர். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்போது ஆறு வயது. "பாட்டி, ஆறு இல்லை, நிறைய இருக்கு" என்று கத்தினான். அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். கும்பகோணத்தில் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்து, அவர் அப்பா நட்சத்திரம் காட்டியதை அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி 22 வருஷம் கழித்து முதல் முறையாகக் கேட்ட கதை.

ஊரடங்கு முடிந்ததும் பூட்டு திரும்ப வந்துவிட்டது.

எப்போதும் திறந்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. காலையில் ஐந்தரையிலிருந்து எட்டு வரை, மாலையில் நாலிலிருந்து ஒன்பது வரை திறங்கள். வடாம், மிளகாய் காயவைக்கிற மாதங்களில் மட்டும் பகலிலும் திறங்கள். இரவில் பூட்டினாலும் சாவி ஒருவர் வீட்டுக்குள் இருக்க வேண்டாம், கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும். பெருக்க ஆள் வேண்டும் என்றால் வாரம் ஒரு வீடு என்று முறை வையுங்கள். முதல் வாரம் எங்கள் வீடு.

ஆசிரியர் அன்று இன்னொன்றும் சொன்னார். வெள்ளி எட்டு வருஷத்துக்கு ஒரு முறை, இதே நாட்களில் கார்த்திகைக்கு வரும் என்றார். அடுத்தது 2028 ஏப்ரல் முதல் வாரம். அந்தப் பையனுக்கு அப்போது 14 வயது. அத்தை 80-ஐத் தாண்டியிருப்பார், படியேற என் தோளைப் பிடித்துக்கொள்வார். அந்த நாளைக் காலண்டரில் இல்லாவிட்டாலும் மனசில் குறித்து வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் இந்தப் பங்குனி வருகிறது, வேட்டி பீரோவில் அதே தட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருப்பவள்