ரோபோ அணிக்குக் காசு சேர்ப்பது பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். படியேறுவதை மட்டும் கொஞ்ச நாள் குறைத்துக்கொள். உங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளை வைத்து ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற, பிள்ளைகள் லெகோ துண்டுகளில் ரோபோ செய்து ஓட்டும் போட்டிக்கு ஓர் அணி தயார் செய்யப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. யார் யாரிடம் பணம் கேட்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வேறு ஒன்று: கொடுக்கிறவர் எந்தக் கணக்கில் போடுவார்?

ஆசிரியர் ஒருவரின் சொந்த ஜிபே எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டு வசூலைத் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். மூன்றாம் மாதம் வீட்டுச் செலவும் அணிச் செலவும் ஒரே கணக்கில் கலந்து, கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாமல் போகும். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி முதலில் ஒரு தீர்மானம் போடுங்கள். அணி எதற்கு, எவ்வளவு திரட்டப் போகிறோம், எந்தக் கணக்கில், கையெழுத்துப் போடும் இருவர் யார், வாங்கும் சாமான் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறும் என்பது, இவ்வளவும் அதில் இருக்கட்டும். பிறகு எண் போட்ட ரசீதுப் புத்தகம் அடியுங்கள், அடிக்கட்டையோடு. நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது போக வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிக்கு நன்கொடை வரும். தலைமையாசிரியரிடம் சொல்லி அணியின் தேவைகளை அதிலும் ஏற்றச் சொல்.

நம் வகுப்பில் வெளிநாடு போய்விட்டவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்களிடம் கேட்பதற்கு முன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று விசாரித்துக்கொள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும்கூட. எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கமோ அறக்கட்டளையோ அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. ‘பணம் வேண்டாம், பெட்டியாகவே வாங்கி அனுப்புகிறேன்’ என்றால் அதற்கும் இதே சட்டம்தான். அப்படிப்பட்டவர்களிடம் நேரத்தைக் கேள். சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் வீடியோவில் பிள்ளைகளுக்கு பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுத்தால் அதுவும் பெரிய உதவி.

அடுத்தது கணக்கு. ஒருமுறைச் செலவு, வருடாந்திரச் செலவு என்று தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி. ஸ்பைக் பிரைம் பெட்டி (லெகோவின் ரோபோ செட்), ரோபோ ஓடும் மேசை, லேப்டாப் ஒரு பக்கம். பதிவுக் கட்டணம், அந்த வருடத்துப் போட்டிக்காக மேசைமேல் வைக்கும் மாதிரிகளும் விரிப்பும், பயணம், சாப்பாடு, டி-ஷர்ட், உடைந்ததற்கு மாற்று, இவையெல்லாம் மறுபக்கம். புதிய அணிகள் பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில்தான் படுத்துவிடுகின்றன. முதல் வருடம் வந்த காசு முழுவதும் பெட்டிக்குப் போய்விடும். அடுத்த ஆகஸ்டில் ரோபோ செய்ய வேண்டிய புதிய பணிகள் வெளியாகும்போது பெட்டி அலமாரியில் இருக்கும், பதிவுக்குக் காசு இருக்காது. அதனால் இப்போதே இரண்டு வருடத்துக்குக் கேள். ஒரே கூட்டத்தில், ஒரே தாளில்.

பெட்டி விஷயத்தில் ஒரு நுணுக்கம். போட்டி விதிப்படி ஒரு ரோபோவில் அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, அதிகபட்சம் நான்கு மோட்டார். அடிப்படைப் பெட்டியான கோர் செட்டில் வருவது மூன்றுதான்: பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு. நான்காவது மோட்டாரும் இரண்டாவது கலர் சென்சாரும் (நிறம் அறியும் கருவி) கூடுதல் பெட்டியான எக்ஸ்பான்ஷன் செட்டில் இருக்கின்றன. கோரில் 528 துண்டுகள், எக்ஸ்பான்ஷனில் 603. இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு போட்டி ரோபோ என்று நினைத்துக் கொட்டேஷன் வாங்கு, ஜிஎஸ்டியும் அனுப்பும் செலவும் சேர்த்து, மூன்று இடத்தில். அணியில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ஒரே ரோபோ என்றால் இரண்டு பேர் தொடுவார்கள், எட்டுப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு கோர் செட் வாங்குங்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் காது கொடுக்காதே. பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு உதவியில் அமைத்த செய்முறைக் கூடம்) இருந்தால் அதற்கு அங்கே போய்க்கொள்ளலாம்.

ஸ்பைக் மோட்டாரில் வயர் மோட்டாரோடு சேர்ந்தே வரும், தனியாகக் கழற்ற முடியாது. வயரைப் பிடித்து ரோபோவைத் தூக்கினால் ஒருநாள் மோட்டாரே போகும். ஒரு மோட்டார் விலையை எப்போதும் தனியாக ஒதுக்கி வை.

இப்போது யாரிடம் எதைக் கேட்பது என்று பார்ப்போம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனத்துக்குத்தான் சிஎஸ்ஆர் என்னும் சமூகப் பொறுப்புச் செலவு கட்டாயம். மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம். உங்கள் பக்கத்து நூற்பாலை அந்த அளவில் இருந்தால் சாமான்களை அவர்களிடம் கேள். பணமாக வேண்டாம், அவர்களே பில் போட்டு வாங்கிப் பள்ளிக்குத் தரட்டும். அறக்கட்டளை வழியாகப் போனால் அதற்கு சிஎஸ்ஆர் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பம் மார்ச்சுக்குள் அவர்கள் மேசையில் இருக்கட்டும், ஏப்ரலில்தான் புது வருட ஒதுக்கீடு தொடங்கும். ‘உங்கள் லோகோவை டி-ஷர்ட்டில் போடுகிறோம்’ என்று அந்தக் கடிதத்தில் எழுதிவிடாதே. விளம்பர லாபத்துக்கான ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆரில் சேராது. கணக்கர் கண்ணில் அந்த ஒரு வரி பட்டாலே கோப்பு திரும்பிவிடும். ஒருநாள் நிகழ்ச்சிக்கான செலவும் அப்படித்தான். ஆகவே பயணத்தையும் போட்டிக் கட்டணத்தையும் அவர்களிடம் கொண்டு போகாதே.

லோகோ ஆசை இருக்கும் ஜவுளிக்கடை, நகைக்கடை, பேக்கரிக்காரர்களிடம் டி-ஷர்ட்டையும் பயணத்தையும் கேட்கலாம். அவர்களிடம் 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரிக்கழிவுப் பேச்சே வேண்டாம். முன்னாள் மாணவர்களிடமும் வரிச்சலுகையை முன்னால் வைக்காதே. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது, பழைய முறையிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. அவர்கள் பள்ளிக்காகக் கொடுப்பார்கள். ‘ஒரு சக்கர ஜோடி’, ‘ஒரு சென்சார்’, ‘ஒரு பிள்ளையின் ரயில் டிக்கெட்’ என்று துண்டு துண்டாக விலை போட்டுக் காட்டினால் கை சட்டென்று நீளும். பழைய லேப்டாப் தருகிறேன் என்றால் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது, ப்ளூடூத் இரண்டும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கு. இல்லாவிட்டால் ஸ்டாஃப் ரூமில் இன்னொரு குப்பைதான் சேரும்.

போட்டியில் ரோபோ ஆட்டம் மதிப்பெண்ணில் கால் பங்குதான். ஆய்வுத் திட்டம், ரோபோ வடிவமைப்பு, பண்பு ஆகியவை மீதி முக்கால். ஆய்வுத் திட்டத்துக்காகப் பிள்ளைகள் துறை அறிந்தவர்களைச் சந்தித்துத் தங்கள் யோசனையைச் சொல்ல வேண்டும். அந்தச் சந்திப்புக்கு நூற்பாலைப் பொறியாளரிடமே கூட்டிப் போ. அன்றைக்குக் காசுப் பேச்சை எடுக்காதே. எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் பத்து நிமிடம் கேள்வி கேட்டவர், அடுத்த மாதம் உன் விண்ணப்பம் வரும்போது தானாகவே எடுத்துப் பேசுவார்.

கோயில் திருவிழாவில் சுண்டல், பானகம் விற்கலாம் என்று நீ எழுதிய யோசனை நல்லதுதான். பக்கத்திலேயே ரோபோவை ஓட விடுங்கள். ஆனால் பந்தலுக்குள் வையுங்கள், நேர் வெயிலில் கலர் சென்சார் தடுமாறும். புழுதி சக்கரத்தில் ஏறினால் நேராகப் போகாது, ஈரத்துணி கையில் இருக்கட்டும். ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம், கூட்டம் நின்று பார்க்க அது போதும்.

பயணத்தைப் பற்றி ஒன்றுதான். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். பத்துப் பிள்ளைகளுக்கும் இரண்டு ஆசிரியர்களுக்கும் இரண்டு டிக்கெட். பெண் பிள்ளைகள் இருந்தால் இருவரில் ஒருவர் ஆசிரியையாக இருக்கட்டும்.

மேசையைக் காசு கொடுத்து வாங்காதே, மரக்கடைக்காரரிடமும் ஆசாரியிடமும் நன்கொடையாகக் கேள். களத்தின் உள்ளளவு 2362 × 1143 மில்லிமீட்டர். எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட் 2438 × 1219. கழித்துப் பார்த்தால் இரண்டு வாக்கிலும் 76 மிச்சம், பக்கத்துக்கு 38. ஒன்றரை அங்குலக் கனம், மூன்று அங்குல உயரச் சட்டம் நாலு ஓரத்திலும் அப்படியே உட்காரும். பலகையை அறுக்கவே வேண்டாம். ஆசாரி அளவைக் கேட்டதும் பலகையையே 2362-க்கு அறுத்துவிடுவார், அப்புறம் சட்டம் உள்ளே ஏறி விரிப்பு மடங்கும். 12 மி.மீ. பலகை, அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஃபிரேம். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து ரோபோ ஒரு பக்கமாக இழுக்கும். பச்சை மரம் வேண்டாம், மாதம் ஒன்றில் வளைந்துவிடும். விரிப்பைச் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள்.

தீர்மானத்தின் வரைவையும் மூன்று கொட்டேஷனையும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மரக்கடைக்குப் போகும்போது டேப்பை நீயே எடுத்துப் போ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்