மேல்மாடி ஜன்னல் பற்றிக் கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆகிறது, பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஆபீஸில் இரண்டு வீட்டு பிளான் அப்ரூவலுக்குப் போக வேண்டியிருந்தது, அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து நாலு வேளை சொட்டு மருந்து. இன்றைக்கு எல்லோரும் மதியச் சாப்பாடு முடித்துப் படுத்திருக்கிறார்கள், நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டை வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்கிறீர்கள், அடுத்த வருஷம் கோயம்புத்தூரை விட்டு இங்கேயே வந்துவிடுகிறாய் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. முப்பது வருஷம் கழித்து நாம் ஒரே ஊரில் இருக்கப் போகிறோம். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கான்ட்ராக்டர் எல்லா ஜன்னலுக்கும் டபுள் கிளாஸ், அதாவது நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி, போடச் சொல்கிறார், அண்ணா அது வீண் செலவு என்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. எல்லா ஜன்னலுக்கும் வேண்டாம். ஆனால் ரயில் பாதையைப் பார்த்த அறைக்கும் மேற்கு வெயில் விழுகிற அறைக்கும் கட்டாயம் போடு, போடும்போது ஒழுங்காகப் போடு. நான் ஒரு தடவை ஒழுங்கில்லாமல் போட்டுப் பணத்தை விட்டவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்பு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த மதியம், நீ போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் அழுதாயே. அன்றைக்கு எங்கள் கிழக்கு அறையில், அதுதான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையைப் பார்த்த அறை, அத்தை கட்டிலில் படுத்திருந்தார்கள். காபி வேண்டும் என்று எழுந்து கூடத்துக்கு வந்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, எங்கிருந்தோ ஒரு தகரம் பறந்து வந்து ஜன்னல் கதவில் மோதியது. பழைய மரக் கதவு, 4 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி. கம்பிக்கு நடுவே புகுந்து வந்த துண்டுகள் சாண் நீளத்துக்குக் கத்தி மாதிரி இருந்தன. ஒன்று தலையணையில் செங்குத்தாகக் குத்தி நின்றது, பிடுங்கினபோது பஞ்சும் கூடவே வந்தது. அந்தத் தலையணையை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன், ஆனால் இன்னும் அந்த இடத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அதனால் சொல்கிறேன், இரண்டு கண்ணாடி இருப்பதாலேயே ஜன்னல் பாதுகாப்பு ஆகிவிடாது. சாதாரணக் கண்ணாடியை இரண்டாகப் போட்டால் உடையும்போது கத்திகள் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். என்ன கண்ணாடி என்பதுதான் விஷயம். டஃபன்ட் கண்ணாடி என்பது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்தது. சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு பலம், உடைந்தாலும் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டும். லேமினேட்டட் வேறு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், பஸ் முன்கண்ணாடியில் கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி கோடு விழுந்து அப்படியே நிற்கிறதே, அதுதான். திருடன் சுத்தியலால் அடித்தாலும் ஓட்டை போட நேரம் பிடிக்கும், சத்தமும் கேட்கும். எங்கள் கிழக்கு அறையில் வெளிப்பக்கம் 6 மில்லிமீட்டர் டஃபன்ட், நடுவில் 12 மில்லிமீட்டர் காற்று, உள்பக்கம் 6.38 லேமினேட்டட். அந்த .38தான் நடுவில் இருக்கிற தாளின் கனம். உங்கள் வீட்டில் ஜன்னலுக்கு நேர் கீழே ஆட்கள் நடமாடும் சந்து என்றால் வெளிப்பக்கமும் லேமினேட்டட் கேள், பொடித் துண்டானாலும் மாடியிலிருந்து ஒருவர் தலையில் கொட்டக் கூடாது. டஃபன்ட் கண்ணாடியின் ஒரு மூலையில் முத்திரை இருக்கும், அது இல்லாவிட்டால் வாங்காதே. இன்னொன்று, அதைச் சூடாக்கி முடித்த பிறகு வெட்டவே முடியாது, அளவு அரை அங்குலம் தப்பினாலும் அந்தக் கண்ணாடி வீண்தான். அதனால் பூச்சு வேலை முடிந்த பிறகு அளவெடுக்கச் சொல்.

இனி நான் பணத்தை விட்ட கதை. 2018-இல் செலவு குறையட்டும் என்று தெரிந்த கடை ஒன்றில் சொல்லி, இரண்டு கண்ணாடியை நடுவில் இடைவெளி விட்டு, ஓரத்தில் சிலிகான் வைத்து ஒட்டி வாங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், கண்ணாடியில் யாரோ வாய் வைத்து ஊதினது மாதிரி ஆவி. உள்ளே துடைத்தேன், போகவில்லை. மொட்டை மாடி வழியாக இறங்கி வெளியே துடைத்தேன், போகவில்லை. ஆவி இரண்டுக்கும் நடுவில். மழை விட்டதும் அது காய்ந்து, கடல்காற்று உப்போடு சேர்ந்து வெள்ளைத் திட்டாகப் படிந்துவிட்டது. ஒன்றும் செய்ய முடியாது கலா, முழுசாகக் கழற்றி எறிய வேண்டியதுதான்.

பிறகுதான் ஆபீஸுக்கு வந்த ஒரு ஜன்னல்காரர் வெட்டின துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டினார். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் ஒரு அலுமினியக் குழாய் ஓடுகிறது, அதற்குள் ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள். குழாயின் உள்பக்கம் ஊசி முனை அளவுக்கு வரிசையாகத் துளை. நடுக்காற்றில் இருக்கிற ஈரத்தை அந்த உருண்டைகள் இழுத்துக்கொள்கின்றன. குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் கறுப்பாக பியூட்டைல் பசை ஒன்று, அதற்கு வெளியே சிலிகான் ஒன்று, ஆக இரண்டு சீல். வெறும் சிலிகான் தண்ணீரைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது, நான் ஏமாந்தது அங்கேதான். ஃபேக்டரியில் சீல் வைத்து வந்த கண்ணாடியா, கடையில் ஒட்டினதா என்று முதல் கேள்வியாகக் கேள். ஆவி படிந்தால் மாற்றித் தருவதாக எத்தனை வருஷத்துக்கு எழுதித் தருகிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி.

சூடு விஷயத்தில் கடைக்காரர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். அசையாத காற்று சூட்டை அவ்வளவாகக் கடத்தாது, அதனால் ஒற்றைக் கண்ணாடியில் யு வேல்யூ, அதாவது கண்ணாடி எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்கிற எண், 5.7 என்றால் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடியில் 2.8 அளவுக்கு, அதாவது பாதியாக, இறங்கிவிடும். இது நிஜம். ஆனால் நமக்குச் சூடு முக்கியமாக வருவது நேர் வெயிலில். தெளிவான கண்ணாடி இரண்டு போட்டாலும் வெயிலின் சூட்டில் பத்தில் ஏழு பங்கு உள்ளே வந்துவிடும். அதைத் தடுப்பது கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற உலோகப் பூச்சுதான், நல்ல பூச்சு இருந்தால் பத்தில் மூன்று பங்காகக் குறையும். வெயிலின் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைக் காட்ட கேட்டலாக்கில் எஸ்எச்ஜிசி என்று ஒரு எண் இருக்கும், மேற்கு ஜன்னலுக்கு அது 0.3 பக்கம் இருக்கட்டும். பூச்சு வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில், காற்று இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். சாயங்காலம் இருட்டினதும் லைட்டரைக் கொளுத்திக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடி, இரண்டு கண்ணாடியின் நாலு பக்கத்திலும் பிரதிபலித்து நாலு சுடர் தெரியும், அதில் ஒன்று மட்டும் நிறம் மாறி இருக்கும். வெளியே நின்று பார்க்கும்போது உன் பக்கத்திலிருந்து இரண்டாவது சுடர் மாறியிருந்தால் சரியாக மாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் மேற்கு அறையில் கத்திரி வெயிலில் மூன்று மணிக்குப் பழைய கண்ணாடியில் கை வைக்க முடியாது. இப்போது வைக்கலாம். முன்பெல்லாம் ஏசி ராத்திரி பதினொன்று வரை நிற்காமல் ஓடும், இப்போது கம்ப்ரஸர் இடையிடையே நின்று நின்று ஓடுகிறது. அப்புறம் முன்பு விடியற்காலையில் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஆவி படிந்து தண்ணீராக வழிந்து கீழே மரச்சட்டத்தை ஊறவைத்தது, நம் ஊர் புழுக்கத்துக்கு ஏசி அறையின் ஒற்றைக் கண்ணாடி அப்படித்தான் வியர்க்கும், அது நின்றுவிட்டது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், பணம் குறைவாக இருந்தால் முதலில் மேற்குச் சுவருக்கு சன்ஷேடும் வெளியே ஒரு மூங்கில் தட்டியும் போடு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது எல்லாவற்றையும்விட மேல்.

சத்தத்துக்கு வருகிறேன். இங்கே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் இல்லாமல் வரிசை கட்டி நிற்கும், உனக்கு கூட்ஸ் வண்டியின் ஹாரன். ஹாரன் சத்தம் நன்றாகவே குறையும், லாரி இன்ஜினின் உறுமல் அவ்வளவாகக் குறையாது, இதை எதிர்பார்த்துக்கொள். இரண்டு கண்ணாடியும் ஒரே கனமாக இருந்தால் ஒன்று அதிர்கிறபோது இன்னொன்றும் சேர்ந்து அதிரும், அதனால் கனம் வேறு வேறாக இருப்பது நல்லது, லேமினேட்டட் சேர்ந்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம், அதன் ஓரத்து பிரஷ் வழியாகவே சத்தமும் கறுப்புத் தூசியும் வந்துவிடும். கதவு மாதிரி திறந்து, ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தி மூடுகிற ஜன்னலாகப் போடு. அத்தை இப்போது விடியும்வரை தூங்குகிறார்கள், எனக்கு அதுவே போதும்.

சமையலறைக்கு மட்டும் இந்த ஜன்னல் வேண்டவே வேண்டாம் டீ. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும், காற்று ஓட்டம் இருந்தே ஆக வேண்டும். கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளே வைக்கவும் விடாதே. இன்னொன்று, கிரில்லை நாலு பக்கமும் வெல்டிங் செய்துவிடாமல், ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி வை, சாவியைப் பக்கத்திலேயே ஆணியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டு. தீப்பிடித்தால் பிரதானக் கதவை மட்டும் நம்பி இருக்க முடியாது. அப்புறம் விஷவாயு வந்தால்கூட இந்த ஜன்னல் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் வீட்டை விட்டுத்தான் ஓடினார்கள். ஜன்னல் கொஞ்ச நேரம் வாங்கித் தரலாம், அதற்கு மேல் இல்லை.

கொட்டேஷன் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, என்ன கண்ணாடி, எத்தனை மில்லிமீட்டர், பூச்சு எந்தப் பக்கம், எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும், நான் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும். பூமி பூஜைக்கு வரும்போது இரண்டு நாள் சேர்த்து வா, இப்போதுதான் மெட்ரோ இங்கே வரைக்கும் ஓடுகிறதே, சென்ட்ரலில் ஏறினால் திருவொற்றியூரில் இறங்கிவிடலாம், வடிவுடையம்மனையும் பார்த்துவிட்டுப் போகலாம். மணி நாலாகிறது, கடல்காற்று வந்துவிட்டது, அத்தை எழுந்து கிழக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அன்புடன்,
செல்வி