ஏரி பச்சையான பிறகு போய்ப் பார்ப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன் செத்து மிதந்து, நாற்றம் தாங்காமல் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகுதான் ஏரிப்பாசி செய்தியாகிறது. அன்றைக்குப் போய் மாதிரி எடுப்பது, ஆள் போன பிறகு காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

இதை நீலப்பச்சைப்பாசி என்கிறோம், உண்மையில் அது பாக்டீரியா. ஏரிக்குள் உரமும் சாக்கடையும், அதாவது பாஸ்பரஸும் நைட்ரஜனும், எவ்வளவு வந்து சேர்கிறது என்பதற்கு அதுதான் கணக்குப் புத்தகம். வாரம் ஒருமுறை அதன் செல்களை எண்ணி, பச்சையம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று எழுதி வைத்தாலே, நிறம் மாறும் முன்பே ஏறுமுகம் தெரிந்துவிடும். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பது 1865-இல் இத்தாலிய வானியலாளர் செக்கி செய்த வேலை, தெளிவை அளக்க இன்றும் அதுவே போதும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கையுறை போட்டு, ஏரித் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி எடுத்து அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் மேலே பச்சை ஏடு கட்டியிருந்தால் நீலப்பச்சைப்பாசியோ என்று சந்தேகப்படலாம், அதன் செல்களுக்குள் காற்றுப்பைகள் உண்டு, அதனால் மிதக்கும். அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. நச்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றார்கள். ஈரி ஏரிப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நச்சு குடிநீரில் கலந்திருந்தது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு வெறும் 1 மைக்ரோகிராம். சில இடங்களில் பாசியைக் கொல்ல அவசரத்துக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொட்டுகிறார்கள், செல் உடைந்து உள்ளே இருந்த நச்சு மொத்தமும் தண்ணீருக்கு வந்துவிடும்.

சரி, செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-3 செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளியில் 300 மீட்டரைப் பார்க்கிறது, சின்ன ஏரி அதில் எங்கே தெரியும்?

அப்புறம், மாதிரி எடுக்கும் இடம். படகில் ஏரி நடுவுக்குப் போய் ஒரு பாட்டில் நிரப்பிவிட்டுச் சுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். காற்று பாசியை ஒதுக்குவது கரையில், குழந்தைகள் இறங்குவதும் மாடு குடிப்பதும் அங்கேதான். அந்தக் கரையில் எடுத்த எண்ணைத் தேதியோடு ஏரிக்கரைப் பலகையில் எழுதி வைத்தால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர்