சிவப்பு விளக்குக்குக் காரணம் சொல்லுங்கள்: கார்ட்லெஸ் கருவி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் கருவிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் பட்டறையில், சார்ஜரில் போட்டிருந்த ஒரு பேட்டரி புகைந்தது. அது நீங்கள் செய்த பேட்டரி அல்ல. உங்களில் ஒருவர் செய்த டிரில்லில் மாட்டுவதற்காக வேறு யாரோ செய்து விற்ற மாற்று பேட்டரி. பக்கத்தில் ஆள் இருந்ததால் பிளக்கைப் பிடுங்கி, பலகையால் தள்ளி, வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். யாருக்கும் காயமில்லை. மேசையில் ஒரு கருகல் தடம், அவ்வளவுதான். இதைப் படித்ததும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும்: "இதற்குத்தான் ஒரிஜினல் பேட்டரி மட்டும் பயன்படுத்தச் சொல்கிறோம்."

சரி. ஒரிஜினல் எங்கே?

அந்த டிரில் இன்றைக்கும் ஒழுங்காகச் சுற்றுகிறது. கியர் தேயவில்லை, துளைமுனையைப் பிடிக்கும் சக் ஆடவில்லை, சுவிட்சும் நன்றாக இருக்கிறது. அதோடு வந்த ஒரிஜினல் பேட்டரியை ஒரு நாள் சார்ஜர் ஏற்க மறுத்தது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னின. விளக்கத் தாளைப் பிரித்துப் பார்த்தால் அந்த மின்னலுக்கு எதிரே "பேட்டரி பழுது" என்று மட்டும் போட்டிருந்தது. சேவை மையத்தில் இருந்தவரும் அதையேதான் சொன்னார். "என்ன பழுது?" "பழுதுங்க, மாத்தணும்." "மாத்திக் கொடுங்க." "அந்த மாடல் நிறுத்தியாச்சுங்க, புது செட் வாங்கிக்கோங்க." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் அந்த ஒரு வரிக்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீங்கள் அறியாதது எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனாலும் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒருமுறை கேளுங்கள். 18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் லித்தியம் அயன் செல்கள் ஐந்தை வரிசையாகக் கோத்தது. பெரிய பேட்டரி என்றால் அந்த ஐந்து இடங்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு செல், மொத்தம் பத்து. அந்த ஒவ்வோர் இடத்தையும்தான் இனி வரிசை என்கிறேன். முழுதாகச் சார்ஜ் ஆகும்போது ஒவ்வொரு வரிசையும் 4.2 வோல்ட்டைத் தொடும். ஐந்தும் சேர்ந்து ஏற வேண்டும், சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று அடியோடு காலியாகிக் கிடந்தால் சார்ஜர் மறுப்பது நியாயம்தான். 2.5 வோல்ட்டுக்கு வெகு கீழே போய்க் கிடந்த செல்லுக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அதன்மேல் மறுபடி சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீயும் பிடிக்கலாம். அப்படிப்பட்ட பேட்டரியை நீங்கள் பூட்டி வைப்பதை நான் கைதட்டி வரவேற்கிறேன்.

எங்கள் ஒரிஜினல் பேட்டரியில் நடந்தது அது அல்ல. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் அதைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். நான்கு வரிசைகள் 3.7 வோல்ட்டில் நின்றன. ஒன்று மட்டும் 2.9. அது செத்த செல் அல்ல, பசித்த செல். ஏன் அது மட்டும் இறங்கியது? செல்களைக் காவல் காக்க நீங்கள் உள்ளே வைத்த எலக்ட்ரானிக் போர்டு, தன் செலவுக்கான மின்சாரத்தை ஐந்திலிருந்தும் சமமாக எடுக்காமல் ஒரே வரிசையிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் பெட்டிக்குள் இருந்தால் அந்த வரிசை மட்டும் மெல்ல மெல்ல வற்றும். ஐந்தையும் மறுபடி சமப்படுத்தும் வசதி அந்த பேட்டரியில் இல்லை. சில சார்ஜ்கள் தோற்றதும் போர்டில் இருந்த சிப் அதை நினைவில் எழுதிக்கொண்டு நிரந்தரமாகப் பூட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஒரு வரிசையை மட்டும் பொறுமையாக ஏற்றிச் சமப்படுத்தினாலும் பயனில்லை, பத்து செல்லையும் புதிதாக மாற்றினாலும் பயனில்லை. சிப் மன்னிப்பதே இல்லை. காவலுக்கு வைத்தது களவாடியது, தண்டனை எங்களுக்கு.

இதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். பாதுகாப்பு என்றால் ஏன் மறுக்கிறேன் என்று பேட்டரி சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் போர்டுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியும், எந்த வரிசை இறங்கியது என்றும் தெரியும். அதைக் காட்ட, பேட்டரியின் முகப்பில் நான்கு குட்டி விளக்குகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நான்கைக் கொண்டு எங்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சூடாக இருக்கிறது, ஆறட்டும். ரொம்பக் குளிர்ந்திருக்கிறது, காத்திரு. ஒரு வரிசை இறங்கியிருக்கிறது, சேவை மையத்தில் சரிசெய்யலாம். செல் கெட்டது, தொடாதே. இந்த நாலு செய்திக்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. பூட்டினால் காரணம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

காரணம் சொல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. லித்தியம் அயன் செல்லை ஏறக்குறைய 0 முதல் 45 டிகிரி வரைதான் சார்ஜ் செய்யலாம். உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும். சுவரில் துளை போட்டுக் கொதித்துப்போன பேட்டரியை அப்படியே செருகினால், அது ஆறும்வரை சார்ஜர் காத்திருக்கும். நல்ல குணம். ஆனால் சில சார்ஜர்களில் இந்தக் காத்திருப்பின் மின்னலும் பழுதின் மின்னலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. விவரம் தெரியாதவர் நல்ல பேட்டரியைக் குப்பையில் போடுகிறார். அரைகுறையாகத் தெரிந்தவர் இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, செத்ததன் முனையில் தொட்டு "எழுப்புகிறார்". சில நேரம் எழும்பத்தான் செய்கிறது. பசித்ததை எழுப்பினாரா, கெட்டதை எழுப்பினாரா என்று அவருக்குத் தெரியாது. கெட்டதை எழுப்பியிருந்தால் அடுத்த சார்ஜில்தான் தெரியும். இப்படிச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "அப்ப என்ன செய்யறது?" என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம் இருக்கிறது, பூட்டிய சிப்புக்குள்.

மாற்று பேட்டரிக்கு ஆட்கள் போவது இந்தக் கட்டத்தில்தான். மாற்று பேட்டரி எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். தரமான செல், ஒழுங்கான போர்டு போட்டுச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவனுக்கு வெளியே தெரிவது பிளாஸ்டிக் கூடும் அதன்மேல் ஒட்டிய லேபிளும்தான். அந்த லேபிளை நம்பலாமா என்றால், ஒரு சின்னக் கணக்கு போதும். 18650 என்னும் வகை செல் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவில் இன்று கிடைக்கும் நல்ல செல்லிலும் 3.5 ஆம்பியர்-அவர் (எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு) அளவுக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. டிரில்லும் கிரைண்டரும் இழுக்கும் கரண்ட்டைத் தாங்கும் வகை என்றால் 2.5, 3 என்று இன்னும் குறைவு. வரிசைக்கு இரண்டு செல்தான் என்பதால், பத்து செல் கொண்ட 18 வோல்ட் பேட்டரி, கூட்டினாலும் பெருக்கினாலும் 7-ஐத் தாண்டாது. அதே கூட்டின்மேல் 9 என்று அச்சடித்து விற்கிறார்கள். 9 எங்கிருந்து வந்தது? அச்சகத்திலிருந்துதான்.

பொய்யான எண்ணாவது பையைத்தான் காலி செய்யும். பயப்பட வேண்டியது உள்ளே. சூட்டை அளந்து சார்ஜருக்குச் சொல்ல வேண்டிய உணரிக்குப் பதிலாக, எப்போதும் ஒரே மதிப்பைக் காட்டும் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிடும் பேட்டரிகள் உண்டு. செல் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் "எல்லாம் சுகம்" என்றே சார்ஜருக்குச் செய்தி போகும். ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கும் போர்டுகளும் உண்டு. மொத்தம் 21 வோல்ட்தானே என்று விட்டுவிட்டால், ஒரு வரிசை பின்தங்கிய அளவுக்கு இன்னொரு வரிசை 4.2-ஐத் தாண்டிப் போயிருக்கும். எங்கள் மேசையில் புகைந்ததைப் பிரித்துப் பார்த்தபோது சூட்டு உணரி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது ஒரு ரெசிஸ்டர்தான்.

உங்கள் விளக்கத் தாள்கள் இந்த ஆபத்தையெல்லாம் தடித்த எழுத்தில் எச்சரிக்கின்றன. எச்சரிப்பது உங்கள் கடமை. ஆனால் ஒரிஜினலை நிறுத்தியதும் நீங்கள், பழுதுபார்க்க விடாமல் பூட்டியதும் நீங்கள், அதன் பிறகு மாற்று வாங்காதே என்று எச்சரிப்பதும் நீங்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தால் மிஞ்சுவது "நல்ல டிரில்லைத் தூக்கிப் போடு" என்பதுதான். அதையே நேராக அச்சடித்துவிடுங்களேன், தாளும் மிச்சமாகும்.

எண்கள் விஷயத்தில் உங்கள் திறமையைக் குறை சொல்ல முடியாது. அதே ஐந்து செல்லை ஒரு நாட்டில் 18 வோல்ட் என்றும் இன்னொரு நாட்டில் 20 வோல்ட் என்றும் விற்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஒரு செல் கூடச் சேர்க்காமல் இரண்டு வோல்ட்டைக் கூட்டிய அந்த விளம்பரத் துறையிடம் ஒரு வேலை கொடுத்தால், பூட்டிய காரணத்தைச் சொல்ல நான்கு விளக்கு போதும் என்பதை ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாரிடமும் ஐந்து செல், எல்லாரிடமும் ஒரே வோல்ட். ஆனால் பேட்டரியைக் கருவியில் மாட்டும் தண்டவாளம் மட்டும் ஆளுக்கொரு வடிவம். அதைத் தாண்ட ஆட்கள் அடாப்டர் வாங்குகிறார்கள். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. சில நிறுவனங்களில் பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கும்முன் நிறுத்தும் வேலையைச் செய்வது கருவிதான், பேட்டரி அல்ல. அடாப்டர் வழியே வேறு நிறுவனத்தின் கருவியில் மாட்டினால் நிறுத்த ஆளில்லை, செல் காலியாகிக்கொண்டே போகும். கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் ஒரே வகைச் சார்ஜிங் துளை போதும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, அது 2024 டிசம்பர் முதல் நடப்பிலும் இருக்கிறது. பவர் டூல் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு நல்ல காலம்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது முடியாத காரியம் அல்ல என்பதற்கு உங்கள் கூட்டத்திலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். ரியோபி 1996-ல் கொண்டுவந்த 18 வோல்ட் பேட்டரியின் வடிவத்தை, நிக்கல்-காட்மியத்திலிருந்து லித்தியத்துக்கு மாறிய பிறகும் விடவில்லை. பழைய கருவியில் புதிய பேட்டரி இன்றும் உட்காருகிறது. மெட்டாபோ முன்னின்று 2018-ல் தொடங்கிய கார்ட்லெஸ் அலையன்ஸ் சிஸ்டத்தில் பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே பேட்டரியில் ஓடுகின்றன. பாஷ் நிறுவனத்தின் ஆம்ப்ஷேர் கூட்டணியும் அப்படித்தான். செல்லின் வேதியியல் மாறினாலும் கருவியைக் கைவிடாமல் இருக்க முடியும், போட்டியாளரோடு பேட்டரியைப் பகிரவும் முடியும்.

ஐரோப்பாவின் 2023/1542 எண் கொண்ட பேட்டரி ஒழுங்குமுறையை உங்கள் சட்டப் பிரிவு ஏற்கெனவே படித்திருக்கும். 2027 பிப்ரவரி 18 முதல் அதன் 11-ஆம் பிரிவு நடப்புக்கு வருகிறது. ஒரு கருவி மாடலின் கடைசிப் பிரதி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அதன் பேட்டரி உதிரிப் பாகமாக, நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்கிறது அது. பொருந்தக்கூடிய வேறு பேட்டரியை மாட்டுவதை மென்பொருளால் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அங்கே விற்கும் கருவிக்கு இதைச் செய்யத்தான் போகிறீர்கள். அதே தொழிற்சாலையிலிருந்து மற்ற இடங்களுக்கு வரும் அதே கருவிக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். சட்டம் இல்லாத இடத்தில் வாழ்கிறவர்களின் மேசையும் எரியக்கூடிய மரம்தான்.

இதில் நாள் தள்ளிப்போனால் பாதிக்கப்படுவது யார் என்பதையும் யோசியுங்கள். மின் இணைப்பு இன்னும் வராத கட்டடத்தில் கதவு மாட்டுகிறவருக்கும் ஏணி உச்சியில் நின்று திருகு முடுக்குகிறவருக்கும் ஒயர் இழுக்கும் வழி இல்லாததால்தான் உங்கள் கருவியை வாங்கினார்கள். அவர்களுக்குப் பேட்டரி நின்றால் அன்றைய வேலை நின்றது. புது செட் வாங்கக் காத்திருக்க முடியாது. அருகில் கிடைப்பதை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். அதில் சூட்டு உணரி இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்க எந்தக் கடையில் விடுவார்கள்?

ஆகவே மரியாதையுடன் மறுபடி கேட்கிறேன். பூட்டினால் காரணம் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடிய பூட்டைத் திறக்கும் கருவியை உங்கள் சேவை மையங்களுக்கும் பயிற்சி பெற்ற வெளியாட்களுக்கும் கொடுங்கள். செல் மாற்றிச் சோதித்த பேட்டரியை அவர்கள் மறுபடி இயக்க வழி விடுங்கள். ஒரு பேட்டரி மாடலை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அறிவியுங்கள். நிறுத்திய பிறகு அதன் இணைப்பு வரைபடத்தையும் சூட்டு உணரியின் அளவுகளையும் வெளியிட்டால், மாற்று செய்கிறவர்களில் நேர்மையானவர்கள் சரியாகச் செய்ய முடியும். மற்றவர்களை நாங்கள் அடையாளம் காணவும் முடியும்.

"உங்கள் கருத்துக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்" என்ற பதில் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, அதை இன்னொருமுறை அனுப்ப வேண்டாம். உங்கள் மாடல்களில் எவை இப்படி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், எந்தெந்தக் காரணங்களுக்காக என்று ஒரு பட்டியலை வெளியிட்டால் போதும். புதிய கருவி வாங்கும் முன் அதைப் பார்த்துவிட்டு வாங்குகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை வைத்துப் பிழைக்கும் ஒரு தச்சர்