அந்தச் சில காலைகளில் கரையை விட்டுக்கொடுங்கள்

வளைகுடாப் பகுதித் தமிழ் ஓட்டக் குழுக்களுக்கு,

வணக்கம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்கோடியில், ஆல்விசோவிலும் ஃப்ரீமாண்டிலும் உள்ள டான் எட்வர்ட்ஸ் வனவிலங்குப் புகலிடத்தின் கரைகளில் வார இறுதிகளில் நீங்களும் ஓடுகிறீர்கள், நானும் ஓடுகிறேன். நீண்ட தூரப் பயிற்சிக்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. மேடு பள்ளமே கிடையாது. முழங்கால் வலிக்காரர்களையும் புதிதாக ஓட வருபவர்களையும் தயங்காமல் அழைத்து வரலாம். தொடர்ந்து அழைத்து வாருங்கள். ஆண்டில் சில காலைகளுக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல்.

பாதை இவ்வளவு சமமாக இருப்பதற்குக் காரணம், அது உப்பளத்துக்குப் போட்ட கரை. 1850-களிலிருந்து இங்கே சதுப்பை வளைத்து அணை கட்டி, கடல்நீரைப் பாத்தியில் காயவிட்டு உப்பு எடுத்தார்கள். உப்பளத்துக்கும் வயலுக்கும் ஊருக்குமாக, வளைகுடாவின் சதுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போய்விட்டது. 1972-இல் சட்டம் இயற்றி இந்தப் புகலிடத்தை அமைத்தார்கள். 2003-இல் 15,100 ஏக்கர் உப்பளம் பொதுவுடைமையானது. அன்றிலிருந்து ஆங்காங்கே கரையை உடைத்துக் கடலை மீண்டும் உள்ளே விடுகிறார்கள். நம் கோடியக்கரைப் பக்கம் வளரும் உமரி என்ற உப்புநிலச் செடியின் இனம் இங்கேயும் அடர்ந்து வளர்கிறது.

அந்த உமரிக்குள்தான் ரிட்ஜ்வே கானாங்கோழி வாழ்கிறது. நீண்ட அலகு, கோழியளவு உடல். பறப்பதைவிட நடப்பதையே விரும்பும் பறவை. கூடவே ஒரு சின்னஞ்சிறு சதுப்பு எலி. உப்புநீரைக் குடித்தும் உயிர் வாழக்கூடிய இந்த எலி, இந்த வளைகுடாவைச் சுற்றியுள்ள சதுப்புகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இரண்டும் 1970-இலேயே அழிவின் விளிம்பில் இருப்பவை என்று அறிவிக்கப்பட்டவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர், ஜனவரியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும். இங்கே அதைக் கிங் டைட் என்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த ஏற்றம் முற்பகலில் வருகிறது, அதாவது நாம் ஓடும் நேரத்தில். உமரி முழுக்க நீரில் மூழ்கிவிடும். ஒதுங்க மிஞ்சுவது நம் கரையோரத்து மஞ்சள் பூப் புதர்கள் மட்டுமே. அந்த நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும்: பாதையிலிருந்து சில அடி தள்ளி, மார்பு வரை தண்ணீரில், தலையைத் தாழ்த்தி அசையாமல் கானாங்கோழி பதுங்கியிருக்கும். எலிகள் செடியின் நுனியில் தொற்றிக்கொண்டிருக்கும். கரையிலேயே பெரிய வெள்ளைக் கொக்குகள் காத்து நிற்கும். மேலே பூனைப்பருந்து தாழப் பறக்கும்.

அந்த வேளையில் இருபது பேர் பேசிச் சிரித்தபடி தடதடவென்று ஓடினால், அந்தக் கோழி புதரை விட்டுத் திறந்த நீருக்குள் இறங்கிவிடும். மறைவை விட்ட பறவையைப் பருந்து விடாது. நாம் எதையும் மிதிக்கவில்லை, குப்பை போடவில்லை. அதனால் நடந்தது நமக்குத் தெரியாமலே போகும். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஆகவே அந்த நாட்களின் முற்பகலில் இந்தக் கரைகளுக்கு வர வேண்டாம். முழு நாளையும் விட வேண்டியதில்லை. அதே நாட்களில் பிற்பகலில் கடல் வற்றத் தொடங்கும்; மாலையை நெருங்க நெருங்கச் சேறு வெளிப்பட்டு உள்ளான் பறவைகள் கூட்டம் கூட்டமாக மேயும். மூன்று மணிக்கு வாருங்கள், நானும் வருகிறேன். மற்ற நாட்களில் கரையின் நடுவே ஓடினால் போதும். குழுப் படத்துக்காகப் புதரோரம் இறங்காதீர்கள், ஸ்பீக்கரில் பாட்டு வைக்காதீர்கள்.

கடல் ஏற்ற அட்டவணையை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) முன்கூட்டியே வெளியிடுகிறது. குளிர்காலப் பயிற்சித் திட்டத்தைப் போடும் நண்பர்கள் அதைப் பார்த்துத் தேதிகளைக் குறித்து, இப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒருவர்