கண்ணுக்குள் பங்கசு: துணைநின்ற கைகளுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர்,

கண்ணுக்குள் பங்கசுத் தொற்று, அதாவது பூஞ்சைத் தொற்று, வந்தவருக்குப் பார்வை மிஞ்சினால், வீட்டார் கண் வைத்தியரின் கையைப் பிடித்துத்தான் நன்றி சொல்வார்கள். அதில் பெரும்பங்கு மற்றவர்களுக்குச் சேரவேண்டியது. கொழும்பில் கண் விடுதிகளில் பணிபுரியும் நாங்கள் அதை உரியவர்களிடம் சேர்க்கவே இம்மடலை எழுதுகிறோம்.

முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு. கன்டிடா என்ற பங்கசு பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகத்தான் கண்ணுக்கு வருகிறது. பல நாள் கழற்றாமல் கிடக்கும் நாளக் குழாய், பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சை, கட்டுப்படாத நீரிழிவு, நீண்டகால அன்டிபயோட்டிக் எல்லாம் அதற்கு வழி திறக்கும். இரத்தத்தில் கன்டிடா வளர்ந்த உடனே குழாயை எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்கள். மயக்கத்தில் கிடப்பவர் கண் மங்குகிறது என்று சொல்லமாட்டார். உங்கள் அழைப்புத்தான் அவருடைய வாய். முதல் வாரத்துக்குள் கண்மணியை விரித்துப் பார்த்து, விழித்திரையில் வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே பிடித்தால், பல வேளை ஃபுளுகொனசோல் என்ற பங்கசு மருந்து மட்டுமே போதும்.

வயலில் நெல்லோ தடியோ கண்ணில் பட்டவருக்கு ஸ்டீரொயிட் துளி கொடுக்காமல் உடனே அனுப்பிவைத்த வெளிமாவட்ட வைத்தியர்களே, உங்களுக்கும் நன்றி. ஃபியுசேரியம், அஸ்பெர்ஜிலசு என்ற பங்கசுகள் அப்படித்தான் நுழைகின்றன. ஸ்டீரொயிட் பட்டால் சிவப்பு சில நாள் அடங்கும், பங்கசோ உள்ளே இறங்கும்.

ஆய்வுகூடத்தாருக்கு: கண்ணின் நடுவிலிருந்து நாங்கள் எடுத்துத் தருவது 0.2 மில்லிலீற்றர். அந்தத் துளியைப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் கண்ணாடித் துண்டிலும் பங்கசு வளர்க்கும் சபோரோ ஊடகத்திலும் இட்டு, மூன்றாம் நாள் ஒன்றும் முளைக்கவில்லை என்று தட்டை எறியாமல் இரண்டு வாரம் காத்திருக்கிறீர்கள். மருந்தை மாற்றுவதா என்ற முடிவு அந்தப் பொறுமையில் இருக்கிறது.

மருந்தகத்தாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். அம்ஃபொடெரிசின் என்ற பங்கசு மருந்தின் 50 மில்லிகிராம் குப்பியைக் கிருமிநீக்கிய நீர் 10 மில்லிலீற்றரில் கரைத்து, அதில் 0.1 மில்லிலீற்றரை எடுத்து, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து 10 மில்லிலீற்றராக்குகிறீர்கள். இதில் 0.1 மில்லிலீற்றர்தான் கண்ணுக்குள் போடும் ஊசிக்கு: 5 மைக்ரோகிராம். சேலைன் கலந்தால் மருந்து படிந்துவிடும். ஒரு தசமப் புள்ளி தவறினால் விழித்திரை மருந்தாலேயே கருகும். இருவர் தனித்தனியே கணக்குப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே சிரிஞ்சை வெளியே விடுகிறீர்கள். வொரிகொனசோல் என்ற மற்றப் பங்கசு மருந்து என்றால் 0.1 மில்லிலீற்றரில் 100 மைக்ரோகிராம். அதற்கும் அதே கவனம். நாளத்தில் ஏற்றும் அம்ஃபொடெரிசின் கண்ணின் நடுவுக்குப் போதிய அளவு போய்ச்சேராது. அதனால்தான் இந்தச் சிறு சிரிஞ்சுக்கு இத்தனை பெறுமதி. சீழ் நிறைந்த கண்ணில் உள்ளிருக்கும் கூழை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையும் வேண்டும். இரவிலும் அறையைத் திறந்துதந்த சத்திரசிகிச்சைக்கூடத் தாதியரை நாங்கள் மறக்கவில்லை.

கடைசியாக, வீட்டில் கூட இருந்து பார்க்கும் அம்மாமாருக்கும் பிள்ளைகளுக்கும். வலி போன பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் மாத்திரையை நிறுத்தவிடாமல் கொடுக்கிறீர்கள். வொரிகொனசோலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ கொடுத்து, வெயிலில் போகவிடாமல் காக்கிறீர்கள். ஃபுளுகொனசோலோடு நீரிழிவு மாத்திரை சேர்ந்து சீனி இறங்குகிறதா என்று பார்த்து, சீனி அளவைக் கிளினிக் கொப்பியில் குறித்துக் கொண்டுவருகிறீர்கள். அந்தக் கொப்பியைத்தான் நாங்கள் முதலில் திறக்கிறோம்.

நன்றியுடன்,
கண் விடுதிப் பணியாளர்கள்,
கொழும்பு